செல்லக்கனி டீச்சர் வீட்டில் நெட் நின்ற கதை

பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி என்று செல்லக்கனி சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியிலேயே ஷார்ஜாவிலிருந்த ஜெமியின் முகம் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றது. தோஹா பையனின் கட்டம் கறுத்துப்போனது.

"கேக்குதா? பிள்ளைகளே, நான் பேசுதது கேக்குதா?"

பதில் இல்லை. அந்த அமைதியில் மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில் ஆன்லைன் வகுப்பு எடுக்கிற இந்துஜா சிரிப்பது கேட்டது. அவளோடு சேர்ந்து அவளிடம் படிக்கிற பிள்ளைகளும் ஸ்பீக்கரில் சிரித்தார்கள். ஒரே தெரு, ஒரே கேபிள்காரர், ஒரே கம்பத்திலிருந்து வருகிற லைன். ஆனாலும் இந்துஜாவுக்கு ஒருநாளும் வகுப்பு நின்றதில்லை. செல்லக்கனி லேப்டாப்பை மூடித் திறந்தாள். மறுபடி இணைந்து வந்தபோது ஜெமியைக் காணவில்லை, அவள் போய்விட்டிருந்தாள்.

இரணியல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரியும் தெரு அது. இந்துஜா அந்தத் தெருவிலேயே பிறந்தவள். செல்லக்கனி பக்கத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆனால் பழக்கம் அதற்கும் முந்தியது. ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. செல்லக்கனி கணக்கில் எப்போதும் முதல். இந்துஜாவுக்குக் கணக்கு வரவே வராது. தோழியின் தாளை எட்டிப் பார்த்துத்தான் பல பரீட்சைகளைத் தாண்டினாள். பின்னால் செல்லக்கனி எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துத் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சரானாள். இந்துஜா பி.காமோடு நிறுத்திக்கொண்டாள். கணவன் மஸ்கட்டுக்குப் போனதும் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். எந்த வழியில் பார்த்தாலும் தான் ஒரு படி மேலே என்பதில் செல்லக்கனிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால் அந்த நாட்களில் இந்துஜாவிடம் மிகுந்த பிரியத்தோடு இருக்க அவளால் முடிந்தது.

கொரோனா வந்தபோது பள்ளிக்கூடம் டீச்சர்களில் பாதிப் பேரை நிறுத்தியது. நின்றவர்களில் செல்லக்கனியும் ஒருத்தி. கணவர் சுயம்புராஜுக்குக் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் பதப்படுத்தும் இடத்தில் வேலை. வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு சனிக்கிழமைதான் வருவார். வீட்டில் தனியாக இருந்து செல்லக்கனி வாடிக்கொண்டிருந்த நேரத்தில் இந்துஜா வந்தாள். அவள் அதற்குள் மஸ்கட்டிலுள்ள நாத்தனாரின் பிள்ளைக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து, அந்தப் பிள்ளையின் கூட்டாளிகளையும் சேர்த்திருந்தாள்.

"கணக்குக்கு ஆளு கேக்காவ மக்கா. உனக்க மூளைய வச்சிக்கிட்டு சும்மா இருக்கலாமா?" என்றாள்.

செல்லக்கனி வீட்டில் அப்போது நெட் கிடையாது. இந்துஜாவே தன் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை அவள் லேப்டாப்பில் அடித்துக் கொடுத்தாள். முதல் வகுப்புகளெல்லாம் அப்படித்தான் நடந்தன. பிறகு செல்லக்கனி சொந்தமாக லைன் எடுத்தாள். வளைகுடாவில் வேலை செய்கிற நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்து சேர்ந்தார்கள். இந்துஜாவுக்கு இங்கிலீஷ், செல்லக்கனிக்குக் கணக்கு என்று சில வருஷங்கள் நன்றாகவே ஓடியது.

அப்புறம் இந்துஜா சின்ன வகுப்புக் கணக்கும் எடுக்கத் தொடங்கினாள்.

"அதுக கேக்குது, என்ன செய்ய? பெருக்கல், வகுத்தல்தானே. பெரிய கணக்கு நீ பாத்துக்கோ," என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். செல்லக்கனி, "அதுக்கென்னட்டி, எடு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தன் தாளைப் பார்த்து எழுதியவள் கணக்கு டீச்சர். அதைவிடத் தாங்க முடியாதது, பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருந்தது என்பது. இந்துஜா தப்பாகக் கூட்டுவாள், பிள்ளைகள் திருத்துவார்கள், அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மதில் தாண்டி வரும். செல்லக்கனியின் வகுப்பில் தப்பே நடப்பதில்லை. யாரும் சிரிப்பதுமில்லை.

இந்துஜா ஒரு அறையில் ஏ.சி. வைத்து, பின்னால் புத்தக அலமாரியும் ஒரு செடியும் வைத்து, முகத்துக்கு நேரே வட்ட லைட் மாட்டி அதை வகுப்பறையாக்கினாள். வாட்ஸப் ஸ்டேட்டஸில் அந்தப் படத்தைப் போட்டாள். செல்லக்கனி அதை எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அந்த மாதமே, முன் ரூமிலிருந்து பாடம் எடுப்பதை விட்டுவிட்டு, மதிலை ஒட்டிச் சாய்வாகக் கூரை இறக்கிய சாய்ப்பு அறையைக் காலி செய்தாள். பழைய பாத்திரங்களைப் பரணில் ஏற்றி, சுவருக்கு இளநீலம் அடித்து, மகளின் பழைய புத்தகங்களை அடுக்கி, தனக்கும் ஒரு வகுப்பறை உண்டாக்கினாள். மகள் நாகர்கோவில் ஹாஸ்டலிலிருந்து படம் பார்த்துவிட்டு, "அம்மா, இந்துஜா சித்திக்க ரூம் மாதிரியே இருக்கு," என்றாள். செல்லக்கனி போனை வைத்துவிட்டாள்.

நெட் நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதலில் மழையைக் குறை சொன்னாள். மழை விட்டது, நெட் நிற்பது நிற்கவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டாள். அதன் பின்னாலிருந்த வயர்களைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி செருகினாள். லேப்டாப்பில் வைரஸ் இருக்கும் என்று யாரோ சொல்ல, தக்கலையில் ஒரு கடையில் கொடுத்து வைரஸை எடுத்து வாங்கினாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பழைய குருடி கதவைத் திறடி என்றாயிற்று.

தெருவுக்கு நெட் கொடுக்கிற முத்துநாயகம் இரண்டு தடவை வந்து பார்த்தார். கேபிள் டி.வி. காலத்திலிருந்தே வீடுவீடாக ஏறி இறங்கியவர். முன் ரூமில் நின்று போனில் வேகம் சோதித்துக் காட்டினார்.

"லைன்ல ஒரு குற்றமும் இல்ல டீச்சரே. பறக்குது பாருங்க."

"அங்க அந்த வீட்டுல ஒருநாளும் நிக்கல்லியே அண்ணே. அவளுக்கு மட்டும் எப்பிடி?"

"எல்லாருக்கும் ஒரே கம்பிதான்."

அவர் போன பிறகு செல்லக்கனிக்கு ஒரு எண்ணம் முளைத்தது. இந்துஜாதான் தன் நெட்டை இழுக்கிறாள். முளைத்ததும் அது மரமாகிவிட்டது. சனிக்கிழமை சுயம்புராஜ் பைக்கை நிறுத்தி, ரப்பர் பால் வாடை போகக் குளித்துவிட்டுச் சோற்றில் கை வைத்ததுமே சொன்னாள்.

"அவ பைப்பத் திறந்து வெள்ளம் பிடிக்குத மாதிரி நம்ம நெட்ட எடுக்கா."

"அவ வீட்டுல நெட் இல்லியா?"

"இருந்தா என்ன? எனக்க கிளாஸ் நிக்கட்டும்னு எடுப்பா."

சுயம்புராஜ் மீன் முள்ளை ஒதுக்கிவிட்டு யோசித்தார். "பாஸ்வேர்ட மாத்திப் பாரு. அவ எடுத்தா அதோட நிக்கும்லா."

அன்றைக்கே மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலில், மத்தியானப் பாராயணமான உச்சிப்படிப்பு முடிந்து பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பேரைச் சொல்லாமல், "சிலருக்கு அடுத்த வீட்டு நெட்டுலதான் கிளாஸ் ஓடுது," என்றாள். கேட்டவர்களுக்கு யார் என்று புரிந்தது. அது அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை மாலை, ஜெமிக்கு அதே பின்னக் கணக்கைத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கும்போது, நெட் மறுபடி நின்றது.

ஜெமியின் அம்மா பெபிஷா ஷார்ஜாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடற்கரைப் பக்கத்துப் பெண். நேரடியாகப் பேசுகிறவள். புதன்கிழமை அவள் கூப்பிட்டாள்.

"டீச்சர், கோபப்படக் கூடாது. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிய. ஆனா பிள்ள பாதி நேரமும் பொம்ம மாதிரி ஸ்கிரீனப் பாத்துட்டு இருக்கா. அவளுக்குப் பரீட்ச வருது. நான் அவள இந்துஜா டீச்சருகிட்ட சேத்தா என்னன்னு பாக்கேன். அவிய கணக்குல எப்பிடி?"

அதை யாரிடம் கேட்கிறோம் என்று பெபிஷாவுக்குத் தெரியாது. செல்லக்கனி போனை மறு காதுக்கு மாற்றினாள். நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லி விடலாம். இல்லை, தெரியாது என்று சொல்லலாம்.

"பத்தாங்கிளாஸ்ல கணக்குக்கு எத்தன மார்க்குன்னு அவகிட்டயே கேட்டுப் பாருங்க," என்றாள்.

"சரி டீச்சர்," என்று பெபிஷா வைத்தாள். அடுத்த திங்களன்று ஜெமியின் குரல் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. செல்லக்கனி ஜன்னலோரம் போய் நின்றாள். தன் வகுப்பில் கேட்டால் மட்டும் பேசுகிற பிள்ளை. அங்கே சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். இந்துஜா ஏதோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். "ஐயோ மிஸ், தலைகீழாப் போட்டுட்டு அப்புறம்தான் பெருக்கணும்," என்று ஜெமி திருத்தினாள். தலைகீழாக்கிப் பெருக்குவது. தான் சொல்லிக்கொடுத்தது. அதை வைத்து அங்கே சிரிப்பு நடக்கிறது. செல்லக்கனி ஜன்னலைச் சாத்தினாள். கொண்டி விழுந்த சத்தம் நிச்சயம் அங்கே கேட்டிருக்கும்.

அடுத்த நாளே முத்துநாயகத்தைக் கூப்பிட்டாள். "இந்தத் தடவ நீங்க முன் ரூம்ல நின்னு பாத்துட்டுப் போகக் கூடாது. நான் கிளாஸ் எடுக்கும்போ கூடவே இருந்து பாக்கணும்."

அவர் வந்து, கேமராவில் படாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம். கால்மணி நேரம் ஒழுங்காக ஓடியது. செல்லக்கனி நெட் நிற்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான். நின்றது. பிள்ளைகளின் முகங்கள் உறைந்தன.

"பாத்தியளா? நான் சொன்னா நம்ப மாட்டிய."

முத்துநாயகம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். திரையின் கீழ்மூலையில் இருந்த வைஃபை குறியை அழுத்தினார்.

"டீச்சரே, உங்க வைஃபைக்கு என்ன பேரு வச்சிருக்கிய?"

"அவருக்க பேருதான். சுயம்புராஜ்னு."

"இதில இந்துஜான்னுல்லா காணிக்குது."

செல்லக்கனி குனிந்து பார்த்தாள். இந்துஜா என்று இங்கிலீஷில் எழுதி, பக்கத்தில் இணைந்திருக்கிறது என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் மறைந்து சுயம்புராஜ் என்று வந்தது. பிள்ளைகளின் முகங்கள் அசைந்தன. "மிஸ்? மிஸ்?" என்றது ஒரு குரல். அவள் அவர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தாள்.

"எப்பவாவது அவிய பாஸ்வேர்ட இதில போட்டியளா?" என்று முத்துநாயகம் கேட்டார்.

"கொரோனா சமயத்தில."

"அதுதான். லேப்டாப்பு ஒருதடவ போட்ட பாஸ்வேர்ட மறக்காது. உங்க ரூட்டர் முன் ரூம்ல கெடக்கு. நடுவில ரெண்டு சுவரு, ஒரு இரும்பு அலமாரி. இங்கண வந்து சேரும்போ அதில சீவன் இல்ல. அவிய ரூட்டரு இந்தா, மதிலுக்கு அங்கண. உங்களது கைய விடும்போ இது ஓடிப்போய் அதப் பிடிக்குது. அதுவும் சரியா எட்டாம திரும்ப இங்க வருது. அங்க ஓட, இங்க ஓட, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிளாஸ் நிக்குது. முன் ரூம்ல இருந்தவரைக்கும் இந்தப் பிரச்ன வந்திருக்காதே?"

வந்ததில்லை. இளநீலச் சுவர் அவளைச் சுற்றி நின்றது.

முத்துநாயகம் இந்துஜாவின் பெயரை லேப்டாப் மறந்துபோகும்படி செய்தார். ரூட்டரை அலமாரியின் மறைவிலிருந்து எடுத்து, சாய்ப்பு அறைக்குப் போகிற நடையின் மேலே ஆணியடித்து மாட்டினார். எல்லாம் முடிந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒன்றும் கேட்காமலே, "நான் யாருகிட்ட சொல்லப் போறேன் டீச்சரே," என்றார். நிழல்தாங்கல் பேச்சு அவர் காது வரை போயிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யார் யாருடைய நெட்டில் ஓடினார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. முத்துநாயகம் சொல்லமாட்டார்தான். ஆனால் எப்படியாவது தெரிந்துபோனால்? பிறர் வாயிலிருந்து போவதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஒரு காலை நேரம் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே போய்ப் பல நாட்களாகியிருந்தன.

இந்துஜா அடுக்களைப் படியில் உட்கார்ந்து மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "வா மக்கா. இரி," என்று முறத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

செல்லக்கனி உட்காராமலே சொன்னாள். "எனக்க லேப்டாப்பு உனக்க வைஃபையில ஓடிக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியாதுட்டி. சத்தியமாத் தெரியாது. இப்போ சரியாக்கியாச்சு."

"எனக்குத் தெரியும்," என்றாள் இந்துஜா.

"என்ன தெரியும்?"

"எனக்க போன்ல காணிக்கும்லா, யாரெல்லாம் இதில இருக்காவன்னு. கனி லேப்டாப்னு வரும், போகும். கொஞ்ச மாசமாவே வருது."

"பின்ன ஏன் சொல்லல்ல? பாஸ்வேர்ட மாத்தியிருக்கலாம்லா."

"மாத்தினா உனக்க கிளாஸ் நின்னு போச்சுன்னா?"

செல்லக்கனி படியில் உட்கார்ந்தாள். இந்துஜா அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தாள்.

"நீ நிழல்தாங்கல்ல சொன்னதும் கேள்விப்பட்டேன். மார்க்கு சமாச்சாரமும் பெபிஷா கேட்டா. முப்பத்தெட்டுன்னு சொன்னேன். அதிலயும் பாதி கனிக்க மார்க்குதான்னு சொன்னேன். அவ சிரிச்சிட்டு பிள்ளையச் சேத்துட்டா."

அவள் கோபப்பட்டிருந்தால் செல்லக்கனியும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள். இவள் இப்படி உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க, செல்லக்கனிக்கு முன்னிலும் பொறாமை எரிந்தது. பிள்ளைகள், ஏ.சி. அறை, சிரிப்பு, எல்லாம் போக இந்தப் பெரிய மனசும் இவளுக்கே வேண்டுமா?

"நீ பெரிய ஆளுதான்," என்றாள்.

இந்துஜா முறத்தைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பெரிய ஆளொண்ணும் இல்ல. நான் உள்ளதச் சொல்லட்டா? அந்தப் பேரு எனக்க போன்ல வாறதப் பாக்க ஒரு சொகமா இருந்து. பள்ளிக்கூடத்தில நான் உனக்க பேப்பர எட்டி எட்டிப் பாத்து எழுதினேன். இப்போ நீ எனக்க நெட்டுல ஓடுதே. கிளாஸ் முடிஞ்சதும் அதத் திறந்து பாப்பேன். இருக்கியா, இல்லியான்னு. அதுக்குத்தான் சொல்லல்ல."

செல்லக்கனி தலை நிமிர்ந்தாள். இத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. "அடி பாவி," என்றாள்.

"நீ மட்டும் புண்ணியவதியா?"

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் செல்லக்கனி முறத்திலிருந்து ஒரு கிழங்கை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். பாதி உரித்ததும், "ஜெமிய திருப்பி எங்கிட்ட அனுப்புவியா? இப்போ நெட் நிக்கல்ல," என்று கேட்டாள்.

"அது மாட்டேன் கேட்டியா," என்றாள் இந்துஜா. "அவ இங்க சந்தோசமா இருக்கா. அடுத்த வருசம் கணக்கு பெருசாகும்போ நானே தாறேன். எனக்குத் தெரியாம ஆகும்லா."

செல்லக்கனி வற்புறுத்தவில்லை. வேகவைத்த கிழங்கும் மீன்குழம்பும் ஒரு பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை சுயம்புராஜிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ இத்தன நாளும் அவதான் நமக்குக் குடுத்திருக்கா?" அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நிழல்தாங்கலில் தான் சொன்னதை அவள் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு மனசு வரவில்லை.

அதன் பிறகு அவள் வகுப்பு ஒருநாளும் இடையில் நிற்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவள் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற சுத்தத்துக்கு அந்தப் பக்கத்தில் ஈடில்லை என்று அவர்களின் அப்பா அம்மாக்கள் சொன்னார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டே அவள் காது மதில் பக்கம் இருக்கும். அங்கே சிரிப்பு நிற்கிறதா, தொடர்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மாலை வட்டத்தின் பரப்பளவை நடத்தும்போது தானும் ஒரு தமாஷ் சொல்லிப் பார்ப்பது என்று தீர்மானித்தாள். காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தாள்.

"வட்டத்துக்கு மட்டும் கோபமே வராது. ஏன் தெரியுமா பிள்ளைகளே?"

யாருக்கும் தெரியவில்லை.

"ஏன்னா, கோபம் மூக்கு நுனியிலதான் வரும். முக்கோணத்துக்கு மூணு மூக்கு, வட்டத்துக்கு மூக்கே இல்ல."

சொல்லிவிட்டு, பல் தெரியச் சிரித்தபடி காத்திருந்தாள். கட்டம் கட்டமாக இருந்த முகங்கள் அவளையே பார்த்தன. ஒன்றும் நடக்கவில்லை. அவளும் சிரிப்பை எடுத்துவிட வழி தெரியாமல் அப்படியே இருந்தாள். கடைசியில் தோஹா பையன் கையை உயர்த்தினான்.

"மிஸ், உங்க நெட் ஸ்டக் ஆயிட்டுன்னு நினைக்கேன். முகம் அப்படியே நிக்குது."

"இல்ல மக்கா," என்றாள் செல்லக்கனி. "நெட் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் அடுத்த கணக்க எழுதுங்க."